ஒன்பது அடிக்கு அப்பால்

சீடன் என்றால் மீசை முளைக்காத பயலாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்தெட்டு. என் குருவுக்கு நாற்பத்தொன்பது. அவர் என்னை "அண்ணாச்சி" என்பார், நான் அவரை "டீச்சர்" என்பேன். பாளையங்கோட்டையில் இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகிறார்கள், எனக்கென்ன.

பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். டீச்சர், பியூலா தவமணி. ஒரு பெண்கள் கல்லூரியில் பௌதிக ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை, தனி வீடு. நான் அணைஞ்சபெருமாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தாறு வருஷம் மெக்கானிக். என் வீட்டுக்காரி கோமு. இதில் வேறு யாரும் முக்கியம் இல்லை.

டீச்சர் வீட்டுக்கு நான் முதலில் போனதே "இல்லை" என்று சொல்லத்தான். எக்ஸ்சேஞ்சில் கழித்துப் போட்ட சுழல் ஸ்விட்சு ஒன்று வேண்டும் என்று மூன்று கடிதம் எழுதியிருந்தார். நாம் டெலிபோனில் நம்பரைச் சுழற்றினால் அந்தப் பக்கம் 'டக் டக்' என்று ஒவ்வொரு பல்லாக நகர்ந்து போகும் சாமான் அது. அதையெல்லாம் தனியாருக்குக் கொடுக்க முடியாது என்று நேரில் சொல்லிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள்.

உள்ளே நுழைந்தால் அதே 'டக் டக்'. மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்ததாம். அதைச் சுழலவிட்டு, பல்லுக்குப் பல் கம்பி இழுத்து, சின்ன ஒலிபெருக்கி ஒன்றில் ஆதி தாளம் வாசிக்க வைத்திருந்தார். மிருதங்கம் மாதிரி இல்லை. மழை ஓய்ந்த பிறகு தகரத்தில் சொட்டுமே, அப்படி இருந்தது. ஆனால் தாளம் தப்பவில்லை.

எனக்கு மெக்கானிக் புத்தி. "இதுல இருபத்தஞ்சு பல்லுலா. தாளத்துக்கு மூணு எட்டு, இருபத்துநாலு போதும். ஒண்ணு மிஞ்சுமே?" என்றேன்.

"அந்த ஒண்ணு வந்தா நிக்காம தாண்டிப் போயிரணும்னு சொல்லியிருக்கேன்" என்றார், ஸ்விட்சு ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி.

"சொன்னா கேட்டுச்சா?"

"ரெண்டு வருஷம் கேக்கலை. இப்ப கேக்குது."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை. பிறகு கழித்த சாமான் ஏலத்தில் நானே நாலு ஸ்விட்சு எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் குளித்துவிட்டு, "என்னையும் சேத்துக்கிடுங்க டீச்சர்" என்று போய் நின்றேன்.

"எதுக்கு?"

"தெரியலை. ஆனா வேற எங்கயும் போய் நிக்கத் தோணலை."

"அப்ப சரி" என்றார்.

டீச்சரின் பெரிய வேலை அந்தத் தாளப் பெட்டி அல்ல. 'அந்தரம்' என்று அவர் பேர் வைத்திருந்த வாத்தியம். ஆர்மோனிய அளவுக்கு ஒரு தேக்குப் பெட்டி. வலது ஓரத்தில் நட்டமாக ஒரு பித்தளைக் கம்பி. இடது ஓரத்தில் வளையமாக இன்னொரு கம்பி. முன்னால் ஸ்ருதி சேர்க்க ஒரு திருகு. தந்தி கிடையாது, கட்டை கிடையாது. வாசிக்கும்போது எதையும் தொடக் கூடாது. வலது கையைக் காற்றில் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஸ்வரம் ஏறும், விலக்கினால் இறங்கும். இடது கையை வளையத்துக்கு மேலே தூக்கினால் சத்தம் கூடும், தாழ்த்தினால் குறையும். யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுகிற மாதிரி ஒரு நாதம். முதல் தடவை கேட்டபோது எனக்கு முதுகு சில்லிட்டது.

"இது எப்படி டீச்சர் தோணிச்சு?"

"ரேடியோவைப் பிரிச்சு ரிப்பேர் பண்ணும்போது கை கிட்ட போனா ஊளையிடும், பாத்திருக்கீங்களா?"

"நிறையப் பாத்திருக்கேன். கையை எடுத்தா நின்னுரும்."

"எல்லாரும் கையை எடுத்திருவாங்க. நான் எடுக்கலை."

அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. அதற்குப் பிறகு பதினொரு வருஷம், கல்லூரி விட்டு வந்தால் பெட்டிதான். பதினோராவது வருஷம் நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகையைப் புரட்டியபோது, வெளிநாட்டில் ஒருவர் இதே மாதிரி ஒன்றை டீச்சர் பிறப்பதற்கு முன்பே செய்து, ஊர் ஊராக வாசித்தும் காட்டிவிட்டார் என்று தெரிந்ததாம்.

"அன்னைக்கு என்ன செஞ்சீங்க டீச்சர்?"

"சஞ்சிகையைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்."

"அப்புறம்?"

"சாயங்காலம் ஆறு மணி ஆச்சு. வாசிச்சேன்."

கச்சேரி என்று ஒரே ஒரு தடவை செய்திருக்கிறார், இருபத்தாறு வயதில். டவுனில் ஒரு மண்டபம். முந்நூறு பேர். அவர் மோகனத்தை மெல்ல எடுத்து மேலே கொண்டுபோய்க்கொண்டிருந்தபோது, தலைமை தாங்கியவருக்கு மனசு பொங்கிவிட்டது. பொன்னாடையை விரித்துக்கொண்டு மேடையில் ஏறிவிட்டார். நம்ம பக்கத்தில் இது மரியாதை. ஆனால் அந்தரத்துக்கு மரியாதை எங்கே தெரியும்? யார் உடம்பு பக்கத்தில் வந்தாலும் அதற்கு ஸ்வரம் ஏறிவிடும். அவர் ஒவ்வொரு எட்டாக வைக்க வைக்க மோகனம் ஏறி ஏறி, பொன்னாடை தோளில் விழும்போது பூனை வாலை மிதித்த சத்தமாகப் போய் நின்றது. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்ததாம். அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. இருபத்து மூன்று வருஷம்.

இதைச் சொல்லும்போது டீச்சரும் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது. இந்த அம்மாள் செய்த வேலையை ஒரு தடவையாவது உலகம் ஒழுங்காகக் கேட்கும்படி செய்துவிட்டுத்தான் கண்ணை மூட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

பாடம் தொடங்கியது. நின்று பழகவே எட்டு மாதம் ஆயிற்று. காலை மாற்றி ஊன்றினால் ஸ்வரம் மாறும். பெருமூச்சு விட்டால் மாறும். தும்மினால் கேட்கவே வேண்டாம்.

"கை எங்க நிக்கணும்னு எப்படி டீச்சர் தெரியும்? தொட்டுப் பாக்க ஒண்ணுமே இல்லையே."

"கரண்டு போனா சட்டைப் பித்தானை எப்படி மாட்டுதீங்க?"

"அது பழக்கம்."

அவர் பெட்டியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

ரெண்டாவது வருஷம் நான் ஒரு கேள்வி கேட்டேன். எனக்கு வினையே அந்தக் கேள்விதான்.

"ஸ்ருதி அசையாம நிக்க என்ன வழி டீச்சர்?"

ஷட்ஜத்தைப் பிடித்தார். "வாசல்ல போய் நின்னு, மெதுவா என்னைப் பாத்து நடந்து வாங்க" என்றார். நடந்தேன். ஓர் இடத்தில் ஸ்வரம் லேசாக மேலே போயிற்று.

"எங்க மாறிச்சு?"

"இங்க."

"கோடு போடுங்க." ஒரு சாக்பீஸை உருட்டிவிட்டார். போட்டேன். அளந்து பார்த்தால் பெட்டியிலிருந்து ஒன்பது அடி.

"இப்ப கோட்டைத் தாண்டி உள்ள வாங்க அண்ணாச்சி."

நான் போகவில்லை. சோதித்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். "அதெப்படி டீச்சர், வந்தா ஸ்ருதி கெட்டுரும்லா?" என்றேன், பெரிய ஞானி கணக்காக.

அவர் கை திருகின் மேல் இருந்தது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பெட்டியை அணைத்துவிட்டு, "காபி குடிக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். பதில் கிடைத்துவிட்டது என்று நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

கோமுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வேலையில் பாதி நாள் ராத்திரி டூட்டி. நான் தூங்கும்போது அவள் முழித்திருப்பாள், அவள் தூங்கும்போது நான் எக்ஸ்சேஞ்சில் இருப்பேன். ஒரே மகள், அவளையும் கட்டிக்கொடுத்து பம்பாய்க்கு அனுப்பியாயிற்று. "ரிட்டயர் ஆயிட்டு வாங்க, ரெண்டு பேரும் உக்காந்து பேசுவோம்" என்று கோமு பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன பேசுவதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்தக் கோடு போட்ட மாதத்திலேயே டீச்சர் எனக்கென்று ஒரு அந்தரம் செய்து கொடுத்தார். அதை வீட்டில் வைத்த முதல் நாள் கோமு காபியோடு பக்கத்தில் வந்தாள். பெட்டி 'ஊ'வென்று ஏறியது. அவள் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தாள். அது இறங்கியது.

"என்னைப் பாத்தா இதுக்கு என்ன பயம்?" என்று சிரித்தாள். அப்புறம் வேண்டுமென்றே ரெண்டு எட்டு முன்னால், ரெண்டு எட்டு பின்னால். ஐம்பத்து நாலு வயதில், தெருவில் பாண்டி ஆடுகிற பிள்ளை மாதிரி. பெட்டி ஏறியும் இறங்கியும் கத்தியது. கையில் காபி ததும்பிக் கொட்டுகிறது, அவளுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. "ஏங்க, நானும் வாசிக்கேன் பாத்தியளா!"

"விளையாடாத கோமு" என்றேன்.

இப்போது நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாவது வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டீச்சருக்குத் தெரியாமல் நான் ரெண்டு வருஷமாக ஊர் ஊராக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று பலித்துவிட்டது. புதிதாக உண்டாக்கிய வாத்தியங்களுக்கு ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். அரை மணி நேரம் வாசித்துக் காட்டலாம். ரேடியோக்காரர்கள் வந்து பதிவு செய்வார்கள். கடிதத்தை டீச்சர் கையில் கொடுத்தேன். ரெண்டு தடவை படித்தார்.

"நீங்க போய் வாசிங்க அண்ணாச்சி."

"நீங்கள்லா வாசிக்கணும்!"

"நான் வாசிச்சாச்சே, ஒரு தடவை."

சரி, நாமே வாசிப்போம், அசையாத ஸ்ருதியில் வாசிப்போம், சிரித்தவர்கள் எல்லாரும் ரேடியோவில் கேட்கட்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. முன்வரிசை மேடையிலிருந்து பதினைந்து அடி தள்ளி இருக்க வேண்டும், பொன்னாடை போர்த்துவதாக இருந்தால் வாசித்து முடித்த பிறகுதான் என்று மெட்ராஸுக்குப் பதில் எழுதினேன். மூன்று மாதம் இருந்தது.

வீட்டுக் கூடத்தில் ஒன்பது அடி அளந்து கோடு போட்டேன். சாக்பீஸ் அழிந்து போகும் என்று பெயிண்டிலேயே போட்டேன்.

"ஏளா, இதுக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது, கேட்டியா?"

"எத்தனை நாளைக்கு?"

"மூணு மாசம்."

எங்கள் வீட்டுக் கூடம் என்ன, அரண்மனையா? ஒன்பது அடி போனால் மிச்சம் ஒன்றுமில்லை. அடுக்களையிலிருந்து தெருவுக்குப் போக கோமு கொல்லைப் பக்கமாக இறங்கிச் சுற்றிக்கொண்டு போனாள். என் காபி கோட்டுக்கு அந்தப் பக்கம் தரையில் வந்து உட்கார்ந்திருக்கும். சாப்பாடும் அப்படித்தான். நான் போய் எடுக்கும்போது பாதி நாள் ஆறிக் கிடக்கும். அவள் பேச்சுக் கொடுத்தால் காது பழக்கம் கெடுகிறது என்று சொன்னேன். அதையும் நிறுத்திக்கொண்டாள்.

ஒரு நாள் மத்தியானம் கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஒண்ணு சொல்லவா?"

"அங்கன இருந்தே சொல்லு."

"ஆபீஸ்ல இருந்தப்பவாது விடிஞ்சா வீட்டுக்கு வருவீய."

என் கை காற்றில் பஞ்சமத்தில் நின்றது. அதை நான் இறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆடி மாதம் வந்தது. கோமுவுக்குப் பிறந்த ஊர் சங்கரன்கோவில். ஆடித்தபசுக்கு வருஷா வருஷம் ரெண்டு பேரும் போவோம். டூட்டி இருந்தாலும் லீவு போட்டுவிட்டுப் போவேன்.

"இந்த வருசம் நான் மட்டும் போயிட்டு வாரேன்."

"சரி."

பஸ் ஏற்றிவிடக்கூட நான் போகவில்லை. திருவிழா முடிந்தது. ஒரு வாரம் ஆயிற்று, ரெண்டு வாரம் ஆயிற்று. ஒரு கார்டு வந்தது. 'நீங்க நல்லா வாசிங்க. எனக்கு இங்க தம்பி வீட்ல ஒரு குறையும் இல்ல. நல்லெண்ணெய் மேல் தட்டில் இருக்கு.' அவ்வளவுதான். எப்போது வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்டைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் வீட்டில் ஆள் நடமாட்டமே கிடையாது.

வாசித்தேன். காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில். ஸ்ருதி அசையவே இல்லை. ஒரு நாள் பால்காரர் "அம்மாவைக் காணோமே?" என்று கேட்டபோது பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கணக்குப் பார்த்தால் நாலு நாளாக ஒரு மனுஷரிடமும் பேசியிருக்கவில்லை. ரொட்டியும் வாழைப்பழமுமாகச் சாப்பாடு ஓடியது. வாசித்து முடித்துக் கையை இறக்கினால் வீடு அப்படியே வாயை மூடிக்கொண்டு கிடக்கும். நல்லா இருந்ததா இல்லையா என்று கேட்க ஓர் ஆள் இல்லை. பயமாகக்கூட இருந்தது. அதுவும் சாதகத்தில் சேர்த்திதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெட்ராஸுக்குச் சாயங்கால ரயில். அன்றைக்குக் காலையில் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தரத்தைத் தவிர என் பெட்டி படுக்கை எல்லாம் கட்டித் தயாராக இருந்தது.

"ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க."

கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அரை மணி நேரம், மெட்ராஸில் வாசிக்கப் போவதை அப்படியே வாசித்தேன். ஓர் இடத்திலும் பிசகவில்லை. மோகனத்தை அவர் எந்த இடத்தில் விட்டாரோ அந்த இடத்தையும் தாண்டிக் கொண்டுபோய், திருப்பிக் கொண்டுவந்து இறக்கினேன். கை நடுங்கவில்லை. கண்தான் நிறைந்துவிட்டது.

டீச்சர் மூடியிருந்த கண்ணைத் திறந்தார்.

"சுத்தமா இருக்கு அண்ணாச்சி" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்காக மூன்று வருஷம் காத்திருந்தேன். அதைக் கேட்டதும் ஓடிப்போய்ச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று என்னை அறியாமல் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"கோமு அக்கா எங்க?"

"தம்பி வீட்ல. சங்கரன்கோவில்ல."

"எப்ப வாராங்க?"

"கச்சேரி முடியட்டும்னு இருக்கேன்." பேச்சை மாற்ற வேண்டும் போலிருந்தது. "ஒரு அதிசயம் டீச்சர். அவ ஊருக்குப் போன அன்னைக்கு ஸ்ருதி ஒரு இழை இறங்கிப் போச்சு. அதுக்கு ரெண்டு மாசம் முன்னால இருந்தே அவ கோட்டைத் தாண்டி வந்ததில்ல. பெட்டிக்குள்ள வால்வு தளந்துட்டோன்னு நினைச்சு கழத்திப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துது. என்ன கோளாறுன்னே பிடிபடலை. திருகைத் திருகிச் சரி பண்ணிட்டேன்."

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்தார். கோட்டை மிதிக்காமல் தெருவில் இறங்கி, கொல்லைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

"அண்ணாச்சி, ஷட்ஜத்தைப் பிடிங்க." சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

பிடித்தேன். ஸ்வரம் ஒரு இழை மேலே இருந்தது. கையைப் பார்த்தேன். கை சரியான இடத்தில்தான் இருந்தது.

நான் அடுக்களைக்குள் ஓடினேன். டீச்சர் ஒரு பலகையில் உட்கார்ந்து, கூடத்துச் சுவரில் முதுகைச் சாய்த்திருந்தார்.

"இந்தப் பலகை இங்கனதான் கிடந்துது. நான் நகத்தலை" என்றார். "அடுப்பு அந்தப் பக்கம் இருக்கு. அரிவாமணை அந்தப் பக்கம் இருக்கு. தண்ணிக் குடமும் அங்கதான் இருக்கு. இந்தச் சுவத்து ஓரத்துல ஒரு வேலையும் கிடையாது."

பெட்டியிலிருந்து சுவர், சுவரிலிருந்து பலகை. மெக்கானிக்குக் கண்ணாலேயே அளக்கத் தெரியும். ஆறு அடி இருக்கும். ஏழு தேறாது.

ரெண்டு மாசம். காலையில், மத்தியானத்தில், சாயங்காலத்தில். நான் ஸ்ருதி சேர்த்ததெல்லாம் அவள் அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான். இருந்தாலும் மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் வீம்பு போகாது பாருங்கள்.

"இருக்கட்டும் டீச்சர்" என்றேன். "இன்னைக்கு விட்டா இனி ஒரு மேடை கிடைக்காது. உங்க இருபத்தெட்டு வருஷ உழைப்புலா இது. நாளைக்கு ஒரு நாள். வாசிச்சு முடிச்சுட்டு, மெட்ராஸ்ல இருந்து நேரா சங்கரன்கோவில் போய்க் கூட்டிட்டு வந்திருதேன். அதுக்குள்ள என்ன ஆயிரப் போவுது?"

டீச்சர் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க அப்பாவுக்குப் பாட்டுன்னா உசுரு. நான் பெட்டியைச் செஞ்ச நாள்ல இருந்து சாயங்காலம் ஆறு மணி ஆனா வந்து நின்னுருவாங்க. முதல் நாளே சொல்லிட்டேன். அப்பா, வாசல்படியிலயே நில்லுங்க, உள்ள வந்தா ஸ்ருதி கெட்டுரும்னு. சரிம்மான்னாங்க. பன்னிரண்டு வருஷம், ஒரு நாள்கூட உள்ள வரலை. கால் வலி வந்த பிறகு ஒரு முக்காலி போட்டுக்கிட்டாங்க. அதும் படிக்கு வெளியில, ஒன்பது அடிக்கு அப்பாலதான்."

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"திருகைக் கால் திருகு திருகினா போதும் அண்ணாச்சி. அவங்களைப் பக்கத்துல உக்கார வச்சு, அவங்களையும் சேத்து ஸ்ருதி வச்சிருக்கலாம். அது எனக்கு அப்பவே தெரியும். நான் செஞ்ச பெட்டிலா."

அவர் பலகையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"ஒரு செவ்வாக்கிழமை போயிட்டாங்க. புதன்கிழமை அடக்கம். வந்தவங்க எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் பெட்டியைப் போட்டேன்."

"ஸ்ருதி இறங்கியிருந்துதா டீச்சர்?"

"இல்ல அண்ணாச்சி. ஒரு இழைகூட மாறலை."